காரணம் தெரியாத அச்சம்

உப்பளங்களில் நீரின் அடர்த்தியைக் கண்ணாடிக் குழாய் ஒன்றை மிதக்கவிட்டு அறிவார்கள். கடல்நீர் ஏறத்தாழ 3 டிகிரி காட்டும். வெயிலில் வற்றி 25 டிகிரியைத் தொட்டால் உப்பு விளையத் தொடங்கும். மரக்காணத்து உப்பு வயல்களைக் கடக்கையில் ஒரு கேள்வி எழுவதுண்டு. நீரின் உவர்ப்பை எண்ணால் சொல்லிவிடலாம். பேசாத ஒரு குழந்தையின் அச்சத்தை எதைக் கொண்டு அளப்பது?

ஆட்டிசம் பற்றிய தொடக்கக் கட்டுரைகளிலேயே அச்சம் இடம்பெற்றுவிட்டது. 1943இல் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். எதுவும் மாறாமல் இருக்கவேண்டும் என்ற அவர்களது பதற்றமான பிடிவாதத்தை அவர் குறித்தார். அவர்களை நடுங்கவைத்தவற்றையும் பட்டியலிட்டார்: மின்தூக்கி, ஊஞ்சல், ஓடும் நீர், முட்டை அடிக்கும் கருவி, சில வேளைகளில் வீசும் காற்றும்கூட.

ஆனால் அளவுகோல்கள் வேறு திசையில் வளர்ந்தன. 1998இல் ஆஸ்திரேலியாவில் சூசன் ஸ்பென்ஸ் வெளியிட்ட வினாத்தாள், குழந்தையே தன் பயத்தை அறிந்து, அது எத்தனை முறை வருகிறது என்று குறிக்கும் என்ற நம்பிக்கையில் அமைந்தது. சொல் வசப்படாத குழந்தைக்கு அங்கே இடம் குறைவு.

இந்தியாவில் 2009இல் செகந்திராபாத் தேசிய நிறுவனம் ஆட்டிசத்துக்கான இந்திய மதிப்பீட்டு அளவுகோலை உருவாக்கியது. 40 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். அது ஆட்டிசத்தின் அளவைக் காட்டுவது. அச்சத்தை அளக்க எழுந்ததன்று. அதன் உணர்ச்சிப் பகுதியில் அடுத்தடுத்து இரு கூற்றுகள் வருகின்றன. ஆபத்தைக் கண்டு அஞ்சாமை ஒன்று. வெளிப்படையான காரணமின்றிக் கிளர்ச்சியடைதல் மற்றொன்று. எதற்கு அஞ்சவேண்டும், எது காரணம் என்பவை இரண்டிலும் பார்ப்பவரின் முடிவுகளே. கலவரம் ஆட்டிசத்தின் மதிப்பெண்ணைக் கூட்டுகிறது. அதற்குள் ஓர் அச்சம் இருந்தால், அது தனியே எண்ணப்படுவதில்லை. எண்ணப்படாதது கவனிக்கப்படுவதும் அரிது.

தமிழ் வாசகருக்கு இச்சிக்கல் புதிதன்று. தொல்காப்பியம் உணர்ச்சிகளை மெய்ப்பாடு என்றது: உள்ளே நிகழ்வது உடலில் தோன்றுவது. சொல்லைவிட உடலை நம்பிய கோட்பாடு அது. அச்சத்தின் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கைச் சொன்னது. நான்கும் எல்லோரும் ஒப்பக்கூடியவை. முட்டை அடிக்கும் கருவிக்கு அஞ்சும் குழந்தை இப்பட்டியலுக்கு வெளியே நிற்கிறது.

அண்மைக் காலத்தில்தான் பட்டியல் விரிந்தது. 2014இல் கோனர் கெர்ன்ஸ் குழுவினர் 59 பேரை ஆராய்ந்து, வழக்கமான அச்சங்களோடு வழக்கில் அடங்காத அச்சங்களையும் தனியே பதிந்தார்கள். 2016இல் நியூகாசிலின் ஜாக்கி ராட்ஜர்ஸ் குழுவினரின் அளவுகோல், 'அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமை' தரும் கலக்கத்துக்கு இடம் தந்தது. 2019இல் லாரன்ஸ் ஸ்காஹில் குழுவினர் பெற்றோர் பதிலளிக்கும் 25 கூற்றுகளை வெளியிட்டார்கள்; அவை பெற்றோரிடம் கேட்டறிந்தவற்றிலிருந்து பிறந்தவை.

மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் முட்டுக்காடு. பன்முக மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் 2005இலிருந்து அங்கே உள்ளது. அந்தச் சாலையில் ஒரு தாய் தன் மகனோடு பேருந்தில் வருகிறாள் என்று கொள்வோம். சன்னலில் கடற்காற்று இரைகிறது. பையன் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். காரணமில்லாமல் கத்துகிறான் என்கிறார்கள் உடன்வருவோர். தாய் எழுந்து சன்னலை மூடுகிறாள். அளவுகோல்கள் எழுபது ஆண்டுகளுக்கு மேல் நடந்து வந்து சேர்ந்த இடம், அவள் கை நீண்ட அந்தச் சன்னல்தான்.