நரியும் நெருஞ்சியும்

காஞ்சிபுரத்தை விட்டுப் பாலாற்றுப் பக்கம் போனால் ஓரிக்கை. தன்னைப் பாட மறுத்த கணிகண்ணனைப் பல்லவ மன்னன் நாடு கடத்தினான். குருவாகிய திருமழிசையாழ்வாரும் உடன் கிளம்பினார். ஆழ்வார் சொற்படி திருவெஃகாப் பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்னே நடந்தார். அவர்கள் ஓர் இரவு தங்கிய இடம் 'ஓரிரவிருக்கை'. அது ஓரிக்கையாயிற்று என்பது ஐதிகம். 'ஓரி' என்றால் ஆண் நரி என்றும் அகராதி சொல்லும். ஊர்ப் பெயரோடு அதை முடிச்சுப் போட நான் துணியமாட்டேன். ஆனால் அந்தச் சொல் என்னை வேறு திசைக்கு இழுத்துவிட்டது.

குள்ளநரியும் நெருஞ்சியும் வறண்ட வெட்டவெளியில் வாழ்கிறவை. ஒன்று மண்ணுக்குள் வளை தோண்டி ஒடுங்குகிறது. மற்றொன்று மண்ணோடு மண்ணாகப் படர்கிறது. இரண்டுக்கும் கெட்ட பெயர். ஆனால் விசாரணை ஒரே மாதிரி நடக்கவில்லை.

நெருஞ்சிக்கு நல்ல வக்கீல்கள் வாய்த்தார்கள். குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லையார் அதன் பூவின் அழகைச் சொன்ன பிறகே முள்ளுக்கு வருகிறார். அந்தப் பூ கதிரவனையே நோக்கி நிற்பதைப் புறநானூற்றில் மோசிகீரனார் கண்டார்; கொண்கானங்கிழானை நோக்கி நீளும் புலவர்களின் பாத்திரங்களுக்கு அதை உவமையாக்கினார். வள்ளுவர்தான் பழத்தின் முள்ளை மட்டும் எடுத்துக்கொண்டார். காதலியின் பாதத்தைப் பற்றிய கவலை அவருக்கு, மன்னிக்கலாம். வைத்தியர்களோ சிறுபஞ்சமூலத்தின் ஐந்து வேர்களில் ஒன்றாக அதைச் சேர்த்துவிட்டார்கள்.

நரிக்கு யார் இருந்தார்கள்? நரிவெரூஉத்தலையார் என்ற புலவரின் பெயரில்கூட அது வெருண்டுதான் நிற்கிறது. மயிலும் அன்னமும் யாளியும் ஏறிய காஞ்சிப் பட்டுக் கரையில் நரியை நான் கண்டதில்லை.

இத்தனைக்கும் குள்ளநரி, ஊளையிடும் பெரிய நரி அன்று, இனமே வேறு. 1800-இல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேயர் இதற்கு வங்காளத்தை வைத்து லத்தீன் பெயர் சூட்டினார். ஆனால் இமயத்தின் அடிவாரத்திலிருந்து தென்கோடிவரை இது உண்டு. எடை மூன்று கிலோ இருந்தால் அதிகம். வால் நுனி கறுப்பு. எலி, கரையான், நண்டு, இலந்தைப் பழம் என்று கிடைத்ததைத் தின்னும். பெரிய நரி செய்ததும் கதைக்காரர்கள் கட்டிவிட்டதும் சேர்ந்து இதன் தலையில் விழுந்தன.

பழியாவது பரவாயில்லை, பக்தி அதைவிட ஆபத்து. சேலம் மாவட்டம் வாழப்பாடி வட்டாரத்துச் சில ஊர்களில் பொங்கலையொட்டி இந்த நரியைப் பிடித்து, கோயிலுக்கு ஊர்வலமாகக் கொண்டுபோய், கயிறு கட்டி ஓடவிடுவது வழக்கம். வங்காநரி ஜல்லிக்கட்டு என்று அதற்குப் பெயர். நரி முகத்தில் விழித்தால் விளைச்சல் பெருகுமாம். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது குற்றம். வனத்துறை அபராதமும் விதித்திருக்கிறது. நெருஞ்சியை யாரும் ஊர்வலம் கொண்டுபோவதில்லை. காலில் குத்தினால் பிடுங்கி எறிவதோடு சரி.