ஒரு மிஷின், ஒரு கொட்டகை, கொஞ்சம் தண்ணீர்



"ஒரு தொழிலை ஆரம்பிக்க என்னங்க வேணும்?" என்று நம் பக்கத்துப் பனியன் கம்பெனிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். பலரும் பணம் என்று சொல்ல மாட்டார்கள். "உழைப்பு இருந்தாப் போதுமுங்க" என்பார்கள். 1990-களில் ஷரத் சாரி என்ற புவியியல் ஆய்வாளர் திருப்பூருக்கு வந்து முதலாளிகளின் வாழ்க்கைக் கதைகளைக் கேட்டபோதும் இந்தச் சொல்தான் அடிக்கடி காதில் விழுந்தது. அதை ஆராய்ந்து 2004-ல் ஒரு நூலே வெளியிட்டார். அந்தச் சொல் முழு உண்மைதானா? நம் ஊர்ச் சரித்திரத்தையே சாட்சிக்குக் கூப்பிடுவோம்.

முதலில் நம் ஊரில் என்ன இருந்தது? சுற்றுவட்டாரத்தில் பருத்தி விளைந்தது. 1860-களிலேயே ரயில் வந்துவிட்டது. பஞ்சு அரைக்கும் ஜின்னிங் ஆலைகள் இருந்தன. சுதந்திரப் போராட்ட காலத்தில் திருப்பூர் கதருக்குப் பேர்போன ஊர். 1932-ல் பைக்காரா நீர்மின் திட்டம் தொடங்கிய பிறகு கொங்குப் பகுதிக்கு மின்சாரமும் வந்தது. பனியன் தொழிலில் கல்கத்தாவும் லூதியானாவும் நமக்கு முன்னோடிகள். நாம் பின்னால் வந்தவர்கள்தான். ஆனாலும் பஞ்சு, ரயில், கரண்ட் மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தபோது, கொட்டகையில் ஒரு நிட்டிங் மிஷினைப் போட்டுத் தொழில் தொடங்க முடிந்தது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு பனியன் உருவாக நூல், நிட்டிங், பிளீச்சிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று எத்தனையோ கட்டங்கள். இத்தனையையும் ஒரே ஆள் சொந்தமாக வைத்திருக்க வேண்டும் என்றிருந்தால், காடு தோட்டத்திலிருந்து வந்த எவரும் கம்பெனி வைத்திருக்க முடியாது. திருப்பூர் ஒவ்வொரு கட்டத்தையும் தனித் தொழிலாகப் பிரித்துவிட்டது. நான்கு தையல் மிஷின் உள்ளவர் தையல் மட்டும் எடுப்பார். ஓவர்லாக் மிஷின் உள்ளவர் அதை மட்டும் பார்ப்பார். பவர் டேபிளில் கைமடியாகச் சேர்ந்த பையன் டைலராகி, காண்ட்ராக்ட் எடுத்து, கூட்டாளி சேர்த்துக் கம்பெனி வைத்த கதை நம் தெருவுக்குத் தெரு உண்டு. மிஷின் வாடகைக்குக் கிடைத்தது. நூல் கடனுக்குக் கிடைத்தது. இரண்டுக்கும் ஈடு வாய்ச்சொல்தான். சொன்ன நாளில் சரக்கைக் கொடுத்தவனுக்கு அடுத்த கடன் தானாக வந்தது.

1978-ல் இத்தாலிய வியாபாரி ஒருவர் வெள்ளை டீ-ஷர்ட் தேடி இங்கே வந்ததாகச் சொல்வார்கள். ஏற்றுமதியின் தொடக்கமாக அதைத்தான் காட்டுவது வழக்கம். 2021-22-ல் திருப்பூரின் ஏற்றுமதி 30,000 கோடி ரூபாயைத் தாண்டியது. கொட்டகையில் ஆரம்பித்த தொழிலுக்கு இது சாமானிய வளர்ச்சியா?

ஆனால், "உழைப்பு போதும்" என்றவர்கள் இரண்டு விஷயங்களைக் கணக்கில் சேர்க்க மறந்தார்கள்.

ஒன்று, மற்றவர்களின் உழைப்பு. உழைத்த எல்லோரும் முதலாளியாகிவிடவில்லை. 1984-ல் பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏற்றுமதி பெருகியபோது செக்கிங்குக்கும் தையலுக்கும் ஏராளமான பெண்கள் வந்தார்கள். ஒன்றரை ஷிப்ட் பார்த்த அவர்களுடைய கை இல்லாமல் எந்த ஆர்டரும் கப்பல் ஏறியிருக்காது. ஆனால் "நானே உழைச்சு மேல வந்தேன்" என்று சொல்லும்போது அந்தக் கைகள் கண்ணில் படுவதில்லை.

இரண்டாவது, தண்ணீர். வெளுக்கவும் சாயம் ஏற்றவும் தண்ணீர் இல்லாமல் முடியாது. சுற்றுக் கிராமத்துக் கிணறுகளிலிருந்து லாரி லாரியாக வந்தது. உப்பும் சாயமும் கலந்து நொய்யலில் போய் விழுந்தது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி நின்றது. கீழே இருந்த விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக்கூடாது என்று 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அது சரியாக நடக்கவில்லை என்பதால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. மிஷின் இருந்தது, ஆள் இருந்தது, ஆர்டரும் இருந்தது. சாயம் போட வழியில்லை. ஊரே தடுமாறியது.

இந்த இடத்தில்தான் நம் அருள்புரம் வருகிறது. பல்லடம் ரோட்டில் போகிறவர்கள் பலருக்கும் இது ஒரு பஸ் ஸ்டாப் மட்டுமே. ஆனால் மூடல் உத்தரவுக்குப் பிறகு, ஒரு புதிய முறை வெற்றிகரமாகச் செய்து காட்டப்பட்டது இங்குள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில்தான். பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். கழிவுநீரை எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் வடிகட்டினால் நல்ல தண்ணீர் ஒருபுறம், கெட்டியான உப்புநீர் மறுபுறம் என்று பிரியும். அந்த உப்புநீர் முழுவதையும் காய்ச்சி உப்பெடுக்க எரிபொருள் செலவு கட்டுப்படியாகாது. அதற்குப் பதிலாக, அதிலுள்ள நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கி, திரும்பவும் சாயத் தொட்டிக்கே அனுப்பினார்கள். தண்ணீரும் திரும்பியது, உப்பும் திரும்பியது. மற்ற நிலையங்களுக்கும் அது வழிகாட்டியது. செலவு அதிகம்தான். ஆனால் முன்பு அந்தச் செலவைக் கீழே இருந்த விவசாயி கட்டிக்கொண்டிருந்தான். இப்போது தொழில் தன் செலவைத் தானே கட்டுகிறது.

தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்கள் ஒரு கடையோ கம்பெனியோ, கதையோ சினிமாவோ எதைத் தொடங்கினாலும், எல்லாம் கைக்கு வந்த பிறகுதான் ஆரம்பிப்பேன் என்று காத்திருக்காதீர்கள். ஒரு மிஷினும், உங்களுக்குத் தெரிந்த ஒரே ஒரு வேலையும், மாறாத வாய்ச்சொல்லும் போதும். ஆனால் தேவைகளைப் பட்டியல் போடும்போது, காசு கொடுக்காமல் கிடைப்பதையும் எழுதிவிடுங்கள். பக்கத்தில் நின்று உழைக்கிறவரின் பெயரையும், கீழே ஓடுகிற தண்ணீரையும் விட்டுவிட்டால், அந்தப் பாக்கியை ஒருநாள் வட்டியோடு கட்ட வேண்டிவரும். நம் ஊர் கட்டியிருக்கிறது.