கோவாப் பொடியின் நெடும்பயணம்

டித்ரனால் களிம்பைப் பூசியவர்களுக்கு அதன் இரண்டு குணங்களும் தெரியும். சொரியாசிஸ் படைகளை அது வற்றச் செய்யும். தொட்ட துணியிலெல்லாம் ஊதாவும் பழுப்புமாகக் கறையை விட்டுப்போகும். ஜெர்மனியின் ஆய்வகத்தில் உருவான இந்த மருந்துக்குப் பூர்விகம் பிரேசில் காட்டில் ஒரு மரப்பொந்து. அங்கிருந்து அது லண்டன் மருத்துவர்களின் கைக்குப் போனது நம் கோவா வழியாக!

பிரேசிலின் பஹியா பகுதியில் அரரோபா என்ற பெருமரம் வளர்கிறது. முதிர்ந்த மரத்தின் உள்வெடிப்புகளில் மஞ்சள் நிறப் பொடி ஒன்று சேரும். காற்றுப் பட்டதும் கறுக்கத் தொடங்கும். மரத்தைப் பிளந்து அதைச் சுரண்டுபவர்களுக்குக் கண் எரியும், முகம் புண்ணாகும். ஆனாலும் தோல்நோய்க்கு அது கேட்டது. பஹியாவும் கோவாவும் ஒரே போர்த்துக்கீசிய அரசின் கீழ் இருந்தன. இந்தியாவுக்கு வந்துபோன அவர்களுடைய கப்பல்கள் பஹியாவின் துறைமுகத்தில் தங்குவதுண்டு. அப்படிக் கடல் தாண்டி வந்த பொடி, இங்கே படர்தாமரைக்கு நல்ல விலைக்கு விற்றது. வாங்கியவர்களுக்கு அதன் பிறந்த ஊர் தெரியாது. கோவாவிலிருந்து வந்ததால் அது கோவாப் பொடி ஆயிற்று.

நம் வேலியோரத்தில் மஞ்சள் பூங்கொத்தை நிமிர்த்தி நிற்கும் சீமை அகத்தியும் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்ததுதான். அதன் இலையையும் படர்தாமரைக்கு அரைத்துப் பூசுகிறோம். அரரோபாப் பொடியில் இருக்கும் சேர்மங்களின் உறவுக்காரர்கள் அந்த இலையிலும் உண்டு.

1864-இல் பம்பாயைச் சேர்ந்த கெம்ப் என்பவர் இந்தப் பொடியைப் பற்றி ஆங்கில மருந்தியலாளர்களுக்குத் தெரிவித்தார். பத்தாண்டு கழித்து, கல்கத்தாவில் பணியாற்றிய மருத்துவர் ஜோசப் ஃபேரர் லண்டன் மருத்துவ இதழில் அதைப் பற்றி எழுதினார். அந்த இதழ் பஹியாவில் டா சில்வா லிமா என்ற மருத்துவரின் கண்ணில் பட்டது. ஃபேரர் வியந்து எழுதிய கோவாப் பொடி, தன் ஊர்க் காட்டில் கிடைக்கும் பொடியேதான் என்று அவர் பதில் எழுதினார். வேதியியலாளர்களும் ஆராயத் தொடங்கினார்கள். ரேவல்சின்னிக் கிழங்கில் இருக்கும் கிரைசோஃபானிக் அமிலமே இதிலும் இருக்கிறது என்று 1875-இல் லண்டனின் ஆட்ஃபீல்ட் முடிவு கட்டினார். அது வேறொரு பொருள் என்று மூன்றாண்டில் தெரியவந்தது. அதற்குக் கிரைசரோபின் என்று பெயரிட்டார்கள்.

இதற்கிடையில் ஒரு தவறு பெரிய நன்மை செய்தது. லண்டனில் ஒருவருக்கு இருந்த சொரியாசிஸைப் படர்தாமரை என்று கருதிக் கோவாப் பொடியைப் பூசினார்கள். படர்தாமரை பூஞ்சையால் வருவது. சொரியாசிஸ் தொற்றுநோயே அல்ல. பொருந்தாத மருந்தாக இருந்தும் படைகள் மறைந்தன. தோல் மருத்துவர் பால்மானோ ஸ்குவயர் இதைத் தற்செயல் என்று விட்டுவிடவில்லை. மற்ற நோயாளிகளுக்கும் களிம்பாகக் கொடுத்துப் பார்த்து, 1878-இல் நூலாகவே வெளியிட்டார்.

அடுத்த திருப்பத்தைத் தந்தது முதல் உலகப் போர். பிரேசில் பொடி ஜெர்மனிக்கு வருவது நின்றுபோனது. பேயர் நிறுவனம் அதைச் செயற்கையாகச் செய்ய முனைந்தது. கிரைசரோபினிலிருந்து ஒரு மெத்தில் தொகுதியை மட்டும் கழித்த நகல் கிடைத்தது. டிரெஸ்டனில் கலேவ்ஸ்கியும் ஹாம்பர்கில் உன்னாவும் 1916-இல் அதன் பலனை எழுதினார்கள். அந்த நகல்தான் டித்ரனால். அதன்பின் மரத்தை நம்பியிருக்க வேண்டிய தேவை குறைந்தது.

1953-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து ஜான் இங்க்ராம் ஒரு முறையை வகுத்தார்: தார் கலந்த நீரில் குளியல், புற ஊதாக் கதிர், பிறகு படைகளின் மேல் மட்டும் டித்ரனால் பசை. பலன் நன்றாக இருந்தது. ஆனால் மருத்துவமனையில் நாள்கணக்கில் தங்கவேண்டும், நல்ல தோலில் பட்டால் எரியும். 1980-களில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டார்கள். படையுள்ள தோலின் காப்பு பலவீனமானது. மருந்து அதற்குள் வேகமாக இறங்கும். ஆகவே கொஞ்ச நேரம் பூசிக் கழுவிவிட்டாலே போதும். வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்றானது.

இப்படிப்பட்ட ஆய்வுகளில் தோலுக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. வலக்கையில் ஒரு மருந்தும் இடக்கையில் மற்றொன்றும் பூசி, ஒரே ஆளிடம் இரண்டையும் ஒப்பிடலாம். வயதும் உணவும் பரம்பரையும் இரு பக்கமும் ஒன்றே.

ஒப்பீடு வளர வளர டித்ரனாலுக்குப் போட்டியும் வந்தது. 1985-இல் ஜப்பானில் எலும்பு மெலிவுக்காக வைட்டமின் டி வகை மருந்து சாப்பிட்ட ஒருவருக்குச் சொரியாசிஸ் ஆறியது. அந்தத் தடத்தில் டென்மார்க்கின் லியோ நிறுவனம் கால்சிபோட்ரியால் களிம்பை உருவாக்கியது. நேருக்கு நேர் நடந்த பரிசோதனையில் புதியது முந்தியது. அதில் கறையும் இல்லை.

கோவாப் பொடி முதலில் தேடி வந்த படர்தாமரையோ இன்று முரண்டு பிடிக்கிறது. வீரியமான ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைச் சீட்டில்லாமல் வாங்கிப் பூசும் பழக்கம் இந்தியாவில் பரவியது. அரிப்பு உடனே அடங்கும். பூஞ்சை மட்டும் பரவும். டெர்பினாஃபின் மருந்துக்கு அசைந்து கொடுக்காத பூஞ்சை வகை ஒன்று இந்தியாவிலிருந்து பல நாடுகளுக்குப் போய்விட்டது. 2020-இல் அதற்கு வைத்த பெயரிலேயே இந்தியா இருக்கிறது: டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே. அதே ஆண்டு வாராணசியின் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழக மருத்துவர்கள் 200 படர்தாமரை நோயாளிகளை நான்கு குழுவாகப் பிரித்து, குழுவுக்கொரு பூஞ்சை எதிர்ப்பு மருந்து கொடுத்துச் செய்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. எட்டு வாரத்தில் குணமானவர்கள் இட்ராகோனசோலில் 66 சதவீதம், ஃப்ளூகோனசோலில் 42, டெர்பினாஃபினில் 28, கிரிசியோஃபல்வினில் 14.

தவறாகப் பூசிய பொடி அந்த லண்டன் நோயாளிக்கு நன்மை செய்தது. கேள்விப்பட்டு வாங்கிய களிம்பு இன்று பலருக்குத் தீங்கு செய்கிறது. எது நன்மை, எது தீங்கு என்று பிரித்துச் சொல்ல இந்த நான்கு எண்களைப் போன்ற கணக்கு ஒன்றே நமக்கு உதவும். தோலில் படை கண்டால் மருந்துக் கடைக்கு முன்னால் மருத்துவரிடம் போவது, அந்தக் கணக்கின் பலனை நாமும் பெறுவதற்கான வழி.