72 பேர் புதைந்த குழியும், 72 வயதுத் தாத்தாவும்

பி.காம். படிக்கிறவனுக்கு வைரஸோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். ஆரம்பித்து வைத்ததே எங்கள் பொருளியல் பாடம்தான்! மக்கள்தொகைப் பாடத்தில் 1921-ஐ 'பெரும் பிரிவினை ஆண்டு' என்று போட்டிருக்கும். இரண்டு மார்க் கேள்வி. 1911-ல் 25.2 கோடியாக இருந்த இந்திய மக்கள்தொகை 1921-ல் 25.1 கோடி. 1901-க்குப் பிறகு பத்து வருடக் கணக்கில் ஜனத்தொகை குறைந்தது அந்த ஒரே முறைதான். நானும் மனப்பாடம் பண்ணி எழுதி மார்க் வாங்கிவிட்டேன். ஏன் குறைந்தது என்று தேடிப் படித்தது பரீட்சை முடிந்த பிறகுதான்.

முக்கியக் காரணம் 1918-ல் வந்த இன்ஃப்ளூயன்ஸா. இந்தியாவில் மட்டும் 1.2 கோடி முதல் 1.8 கோடி பேர் வரை இறந்ததாக மதிப்பீடுகள் சொல்கின்றன. உலகம் முழுக்க சுமார் 5 கோடி. இரண்டு மார்க்குக்குள் இத்தனை பிணங்களா என்று அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், கொல்வது எது என்றே அப்போது யாருக்கும் தெரியாது. 1892-ல் ரிச்சர்ட் ஃபைஃபர் என்ற ஜெர்மானியர் ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடித்து, இதுதான் காரணம் என்று சொல்லியிருந்தார். 1918-ல் பல டாக்டர்கள் அதையே நம்பி, அதற்கு எதிராகத் தடுப்பூசிகூட தயாரித்தார்கள். பெனிசிலின் கிடையாது, வென்டிலேட்டர் கிடையாது. பள்ளிக்கூடத்தை மூடு, கூட்டம் சேராதே, முகத்தில் துணி கட்டு. இவ்வளவுதான் கையில் இருந்த வைத்தியம். உண்மையான காரணம் ஒரு வைரஸ் என்று பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் ஃபெரெட் என்ற கீரி மாதிரியான பிராணியை வைத்து நிரூபித்தது 1933-ல்தான். அதற்குள் 1918-ன் வைரஸ் மனிதர்களோடு சேர்ந்து மண்ணுக்குள் போய்விட்டது.

சரி, இப்போதுதான் கதையே ஆரம்பம்.

அலாஸ்காவில் பிரெவிக் மிஷன் என்று ஒரு சின்ன ஊர். 1918 நவம்பரில் அங்கே இருந்த பெரியவர்கள் சுமார் 80 பேர். ஐந்தே நாளில் 72 பேர் இறந்துபோனார்கள். எல்லோரையும் ஒரே குழியில் புதைத்து, இரண்டு சிலுவைகளை நட்டார்கள். அந்த மண் வருஷம் முழுக்க உறைந்தே கிடக்கும் மண்.

1951-ல் ஜோஹன் ஹல்டின் என்ற ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சி மாணவர், அந்தப் பனிக்குள் வைரஸும் உறைந்து கிடக்குமோ என்று யோசித்தார். நேராக ஊருக்குப் போய்ப் பெரியவர்களிடம் அனுமதி கேட்டார். கொடுத்தார்கள். நெருப்பு மூட்டி மண்ணை இளக்கி இளக்கித் தோண்டினார். நுரையீரல் துண்டுகளும் கிடைத்தன. திரும்பும் வழியில் விமானம் நிற்கும் இடத்தில் எல்லாம், தீயணைப்புக் கருவியின் வாயுவைப் பீய்ச்சி அவற்றை மறுபடி உறைய வைத்தாராம்! ஐயோவா பல்கலைக்கழகத்துக்கு வந்து கோழி முட்டைகளுக்குள் செலுத்திப் பார்த்தார். ஒன்றும் வளரவில்லை. வைரஸ் செத்துப்போயிருந்தது. (நல்லவேளை என்றும் சொல்லலாம்.)

46 வருடம் கழித்து, 1997-ல், ஜெஃப்ரி டாபன்பெர்கர் என்ற அமெரிக்க விஞ்ஞானி எழுதிய கட்டுரை 'சயின்ஸ்' இதழில் வந்தது. 1918-ல் இறந்த ஒரு ராணுவ வீரரின் நுரையீரல் துண்டை மெழுகில் பதித்துப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். அதிலிருந்து வைரஸின் மரபணுவில் சில பகுதிகளை அவர் படித்துவிட்டார். ஆனால் சரக்கு போதவில்லை. ஹல்டின் அந்தக் கட்டுரையைப் படித்தார். இன்னும் வேண்டுமா என்று கடிதம் போட்டார். 72 பேர் புதைந்த குழிக்கு, 72 வயதில், சொந்தச் செலவில் மறுபடி போனார். நுரையீரலை வெட்ட அவர் எடுத்துப்போனது மனைவியின் தோட்டக் கத்தரி! இந்த முறையும் முதலில் ஊர்க்காரர்களிடம் அனுமதி கேட்டார். பருமனான ஒரு பெண்ணின் உடலில், கொழுப்பு மூடியிருந்ததால் நுரையீரல் கெடாமல் இருந்தது.

மறு வருடமே ஒரு பெரிய சர்வதேசக் குழு ரேடார் எல்லாம் வைத்து நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவில் இதே வேலைக்காகத் தோண்டியது. உடல்கள் உறைமண்ணுக்கு மேலேயே இருந்ததால் நல்ல திசு கிடைக்கவில்லை. முதலீட்டுக்கும் லாபத்துக்கும் சம்பந்தம் இல்லாத கேஸ் என்று எங்கள் சார் சொல்வாரே, அந்த மாதிரி.

2005-ல் வைரஸின் எட்டு மரபணுத் துண்டுகளும் முழுமையாகப் படிக்கப்பட்டு, அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் பலத்த பாதுகாப்போடு அந்த வைரஸே மறுபடி உருவாக்கப்பட்டது. செத்ததை ஏன் எழுப்ப வேண்டும் என்று பயந்தவர்கள் உண்டு. அந்தப் பயத்தில் நியாயமும் உண்டு. ஆனால் பலனும் இருந்தது. 1918 மரபணுக்களைச் சேர்த்த வைரஸ்களை வைத்து 2002-லேயே எலிகளில் செய்த சோதனையில், ஓசெல்டமிவிர் மாத்திரை வேலை செய்வது தெரிந்தது. பழைய நுரையீரல் துண்டுகளை ஆராய்ந்து 2008-ல் வெளிவந்த கட்டுரை இன்னொன்றும் சொன்னது. 1918-ல் இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கடைசியில் முடித்தது, வைரஸ் வழிவிட்ட பிறகு உள்ளே நுழைந்த பாக்டீரியா நிமோனியா.

சளி பிடித்தால் மெடிக்கல் ஷாப்பில் "அண்ணா, ரெண்டு ஆன்டிபயாடிக் குடுங்க" என்று கேட்கும் ஆள்தான் நானும். ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. பின்னால் வரும் பாக்டீரியாவுக்குத்தான் அது. அதையும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஃப்ளூவுக்கு வருடாவருடம் தடுப்பூசி. வந்துவிட்டால் ஓய்வு, தண்ணீர், யாருக்கும் பரப்பாமல் இருப்பது. மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரி. 1918-ல் கையில் இருந்தவை பாதி இன்றும் பட்டியலில் இருக்கின்றன, பாருங்கள்.

ஹல்டின் 2022-ல், 97 வயதில் காலமானார். ஆனால் என் மனதில் நின்றது அவர் எடுத்துவந்த நுரையீரல் அல்ல. 1997-ல் அவர் போனபோது, 1951-ல் பார்த்த அந்த இரண்டு மரச் சிலுவைகளும் உளுத்துப் போயிருந்தன. வேலை முடிந்து குழியை மூடிய பிறகு, அவரே புதிதாக இரண்டு சிலுவைகள் செய்து அங்கே நட்டுவிட்டுத்தான் ஊர் திரும்பினார்.

நம் பாடப் புத்தகத்தில் குறைந்துபோன அந்த 0.1 கோடிக்குப் பின்னால் எத்தனை ஊர்கள் இருந்திருக்கும்? இனி அந்தக் கேள்வியை இரண்டு மார்க்காக என்னால் பார்க்க முடியாது.