கிணற்றிலிருந்தா, டின்னிலிருந்தா?

1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னைமீது குண்டு வீசியதைத் தமிழர்கள் மறக்கவில்லை. கில்லாடியான ஆளை இன்றும் ‘எம்டன்’ என்கிறோம். அன்று பற்றி எரிந்த எண்ணெய்த் தொட்டிகள் யாருடையவை என்பதுதான் மறந்துபோயிற்று. அவை பர்மா ஆயில் கம்பெனிக்குச் சொந்தமானவை. 1886இல் ஸ்காட்லாந்தில் தோன்றிய அந்தக் கம்பெனி, இந்திய விற்பனைக்காக 1928இல் ஷெல்லோடு சேர்ந்து ‘பர்மா ஷெல்’ ஆனது. இத்தகைய கம்பெனிகளின் வரலாற்றை எண்ணெய்க் கிணறுகளிலிருந்து தொடங்குவது வழக்கம். நம் பக்கத்து வரலாற்றுக்குத் தகர டின்தான் சரியான தொடக்கம் என்பேன். எண்ணெய் ஆலைகளின் ஊரான காங்கேயத்தில் வெளிவரும் மலரில் இதைச் சொல்வது பொருத்தமும்கூட.

ஷெல்லை நிறுவிய மார்க்கஸ் சாமுவேல் லண்டன் வணிகர். தொடக்கத்தில் அவரிடம் ஒரு கிணறுகூடக் கிடையாது. ரஷ்ய எண்ணெயை வாங்கி விற்றார். போட்டியாளரான அமெரிக்க ஸ்டாண்டர்டு ஆயில், மண்ணெண்ணெயை டின்னில் அடைத்து, டின்னை மரப்பெட்டியில் வைத்துக் கீழை நாடுகளுக்கு அனுப்பிவந்தது. கப்பலின் வயிற்றிலேயே எண்ணெயை நிரப்பிக் கொண்டுவந்தால் செலவு குறையும் என்று சாமுவேல் கணக்குப் போட்டார். 1892இல் அவருடைய ‘முரெக்ஸ்’ கப்பல் சூயஸ் கால்வாயைக் கடந்தது. கணக்கு சரிதான், ஆனால் வாங்குகிறவர்கள் முகம் சுளித்தார்கள். அவர்களுக்கு எண்ணெயோடு டின்னும் வேண்டும். காலி டின் வாளியாகும், கூரைத் தகடாகும், அடுப்பாகும். கடைசியில் சாமுவேல் தகரத் தகடுகளைக் கப்பலேற்றி, அந்தந்த நாட்டிலேயே டின் செய்வித்தார். ஸ்டாண்டர்டின் டின் நீலம், இவருடையது சிவப்பு. உலகக் கம்பெனி ஒன்று நம்மைப் போன்றவர்களின் வீட்டுச் சிக்கனத்துக்குப் பணிந்த இடம் இது.

டின் அல்ல, பேரரசே பர்மா எண்ணெயை இங்கே நிலைநிறுத்தியது என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பில் நியாயம் உண்டு. பர்மா 1937 வரை இந்தியாவோடு இணைந்திருந்ததால் அந்த எண்ணெய்க்கு இறக்குமதி வரி இல்லை. வெளிநாட்டு எண்ணெய்க்கு இருந்தது. ஸ்டாண்டர்டு ஆயிலைப் பர்மாவின் எண்ணெய் வயல்களுக்குள் ஆங்கில அரசு விடவுமில்லை. ஆனால் யார் விற்றார் என்பதற்குத்தான் இது விடை. விளக்கெண்ணெயும் இலுப்பெண்ணெயும் புங்கெண்ணெயும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்த நாட்டில் மக்கள் ஏன் வாங்கினார்கள்? வெளிச்சமும் மலிவும் முதல் காரணங்கள். அதை மறுப்பது வீம்பு. ஆயினும் அவை எல்லாக் கம்பெனி எண்ணெய்க்கும் பொது. எண்ணெய் தீர்ந்த பிறகும் வீட்டில் தங்கியது டின்தான். எள்ளின் நெய்யைக் குறித்த ‘எண்ணெய்’ என்ற சொல்லே மண்ணோடு சேர்ந்து ‘மண்ணெண்ணெய்’ ஆனதென்றால், வந்த சரக்கு எவ்வளவு விரைவில் வீட்டுப் பொருளாயிற்று என்று பாருங்கள்.

செக்கு எண்ணெயின் விளக்குச் சந்தையை மண்ணெண்ணெய் பறித்தது உண்மை. ஆனால் பறித்தவனின் பாத்திரத்தைச் செக்குக்காரரின் வழிவந்த தொழில் தனதாக்கிக்கொண்டதும் உண்மையே. பர்மா ஷெல்லை 1976 ஜனவரி 24 அன்று இந்திய அரசு எடுத்துக்கொண்டது. 1977 ஆகஸ்டில் அது பாரத் பெட்ரோலியம் ஆயிற்று. பழைய பெயர் பங்க்குகளிலிருந்து மறைந்தது. காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய்க்கு இன்றும் 15 கிலோ டின் கணக்கில்தான் விலை பேசுகிறார்கள்.