உளி நின்ற இடம்

இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், அக்காதெமியா காட்சிக்கூடத்திலே நான்கு சலவைக்கல் உருவங்கள் நிற்கின்றன. தோளும் தொடையும் வடிவு பெற்றிருக்க, முகமும் கைகளும் கல்லினுள்ளேயே புதைந்து கிடக்கின்றன. ‘கைதிகள்’ என வழங்கும் இவற்றைச் செதுக்கியவர் மைக்கேல் ஆஞ்சலோ. உடற்சிறையினின்று விடுபடத் தவிக்கும் ஆன்மாவைக் காட்டவே அவர் இவற்றைக் குறையாக விட்டார் என்று எழுதியோர் பலர். கேட்பதற்கு இனிய விளக்கந்தான். ஆயினும் வரலாறு கூறுவது வேறு.

1505-இல் போப் இரண்டாம் ஜூலியஸ் தமக்கொரு கல்லறை எழுப்பப் பணித்தார். நாற்பதுக்கு மேற்பட்ட சிலைகள் அதில் இடம்பெற வேண்டும். கல் தேர்ந்தெடுக்கவே சிற்பி கர்ராரா மலையில் எட்டு மாதங்கள் தங்கினார். திரும்பி வந்தால், போப்பின் நாட்டம் புனித பேதுரு ஆலயத்தைப் புதுப்பிப்பதில் சென்றுவிட்டிருந்தது. பின்னர் சிஸ்டைன் ஆலயக் கூரை ஓவியம் நான்காண்டுகளை விழுங்கியது. 1513-இல் ஜூலியஸ் மறைந்தார். அவருடைய வாரிசுகளோடு ஒப்பந்தம் மீண்டும் மீண்டும் மாற்றி எழுதப்பட்டது. கல்லறையும் சுருங்கிக்கொண்டே வந்தது. மெதிச்சி குடும்பத்துப் போப்புகளோ தங்கள் பணிகளையும் அவர் தலையில் ஏற்றினர். 1545-இல் ஒருவாறு கல்லறை நிறைவுற்றபோது இக்கைதிகளுக்கு அங்கே இடமில்லை. ஒரு கல்லறைக்கு நாற்பது ஆண்டுகள்!

1564-இல் சிற்பி இறந்தபின், அவருடைய சகோதரர் மகன் இவற்றைக் கோசிமோ கோமகனுக்கு வழங்கினார். போபொலித் தோட்டத்தில் அமைக்கப்பட்ட செயற்கைக் குகையின் மூலைகளில் இவை நிறுத்தப்பட்டன. பாறையே மனிதனாக உருவெடுப்பது போன்ற தோற்றத்தை அக்குகை அளித்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை மக்கள் கண்டது அக்காட்சியையே. பிற்கால விளக்கங்களுக்கு அதுவும் வித்திட்டிருக்கும் என்பது என் கருத்து.

தத்துவத்தை விடுத்து உளித்தடங்களைப் பார்ப்போமாயின் உறுதியான செய்தி கிடைக்கும். கூர் உளி கொத்திய பள்ளங்களும், பல்லுளி இழுத்த கோடுகளும் அழியாமலிருக்கின்றன. கல்லின் முன்முகத்திலிருந்து உள்நோக்கிச் செதுக்குவது அவர் வழக்கம். நீர்த்தொட்டியில் கிடக்கும் மெழுகுருவைச் சிறிது சிறிதாக மேலே தூக்குவதற்கு இதனை ஒப்பிட்டார், அவர் வரலாற்றை எழுதிய வசாரி.

எல்லாக் குறைகளையும் பிறர்மேல் சுமத்திவிடவும் முடியாது. மிலான் நகரிலுள்ள ‘ரொந்தானினி பியெத்தா’வை எவரும் அவரிடம் கேட்டதாகத் தெரியவில்லை; தடுத்தாரும் இலர். இயேசுவின் உடலை மரியாள் தாங்கும் அச்சிலையைப் பெருமளவு செதுக்கியபின் அவரே சிதைத்து, எஞ்சிய கல்லில் மெலிந்த உருவங்களாக மீண்டும் தொடங்கினார். எண்பத்தெட்டு வயதில், இறப்பதற்குச் சில நாட்கள் முன்னும் அதன்மீது உளி பிடித்திருந்தார். முதலில் செதுக்கிய உருவத்தின் வலக்கை ஒன்று, எந்த உடலோடும் சேராமல் இன்றும் அங்கே தனித்து நிற்கிறது.