உட்கவரும் படிகங்களும் ஹெர்மிட்டியன் அல்லாத இயற்பியலும்: பஞ்சரத்தினத்தின் 1955ஆம் ஆண்டுக் கட்டுரைகள்

காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம் முதலாகத் தமிழக முதுநிலை இயற்பியல் வகுப்புகளில் குவாண்டம் இயக்கவியல் ஹெர்மிட்டியன் செயலிகளைக் கொண்டே கற்பிக்கப்படுகிறது. ஆற்றலின் அளவு மெய்யெண்ணாக அமைதல் வேண்டும் என்பது அதற்குரிய காரணம். ஆற்றலை வெளியே இழக்கும் அமைப்புகளுக்கு இக்கட்டுப்பாடு பொருந்தாது. ஆல்பாச் சிதைவை விளக்க 1928இலேயே காமோவ் சிக்கலெண் ஆற்றலைக் கையாண்டார். எனினும், இத்துறையின் வரலாற்றைப் பெண்டர், போட்சர் ஆகியோரின் 1998ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்து தொடங்குவதே வழக்கமாகிவிட்டது. இடையே பெங்களூரில் நிகழ்ந்த ஓர் ஆய்வு இவ்வழக்கால் விடுபட்டுப்போகிறது.

சி.வி. ராமனின் சகோதரி மகனான எஸ். பஞ்சரத்தினம் (1934–1969), ஒளியை உட்கவரும் ஈரச்சுப் படிகங்கள் குறித்து இரு கட்டுரைகளை 1955இல் இந்திய அறிவியல் அகாதெமியின் ஆய்விதழில் வெளியிட்டார். ஒன்று கோட்பாடு, மற்றொன்று சோதனை. ஒளிபுகும் படிகத்தில் ஒவ்வொரு திசைக்கும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு தளவிளைவு நிலைகள் உண்டு. உட்கவர்தல் சேரும்போது படிகத்தைக் குறிக்கும் அணி ஹெர்மிட்டியன் தன்மையை இழக்கிறது. செங்குத்துத் தன்மையும் குலைகிறது. சில தனித் திசைகளில் இரு நிலைகளும் ஒரே வட்டத் தளவிளைவாக ஒன்றிவிடுகின்றன. இத்திசைகளை ஃபோக்ட் 1902இலேயே கண்டிருந்தார். எதிர்ச்சுழற்சி கொண்ட ஒளி அத்திசையில் நுழைந்தால் என்னவாகும்? அது படிகத்துள் செல்லச் செல்ல மற்றச் சுழற்சியாகப் படிப்படியாக மாறும் என்பதே பஞ்சரத்தினம் கண்ட விடை. இத்தகைய ஒன்றிணைவுப் புள்ளிக்குக் காட்டோ 1966இல்தான் ‘விதிவிலக்குப் புள்ளி’ எனும் பெயரை நிலைநிறுத்தினார்.

இதனைக் கொண்டு, இன்றைய ஆய்வுகள் அனைத்தையும் அவர் முன்னறிந்தார் எனல் மிகை. அவர் ஆராய்ந்தது நேரியல் ஒளியியல். அங்கு ஒளித்துகள்கள் ஒன்றையொன்று பாதிப்பதில்லை. துகள்கள் இடைவினை புரியும்போது ஒரு துகளுக்குரிய சிறிய அணி போதாது. துகள்களின் எண்ணிக்கை கூடக்கூட அணியின் அளவு அடுக்கேற்ற வேகத்தில் பெருகும். இழப்பே இடைவினையாகவும் அமையக்கூடும். கார்ச்சிங்கில் குளிர்மூலக்கூறுகளைக் கொண்டு நிகழ்த்தப்பெற்று 2008இல் வெளியான சோதனை இதற்குச் சான்று: சந்திக்கும் இரு மூலக்கூறுகள் மறைந்துபோகும் அவ்வமைப்பில், மறையும் வீதம் மிகும்போது அவை ஒன்றையொன்று அணுகுவதே அரிதாகி, மொத்த இழப்பு குறைந்தது. படிக ஒளியியலில் இதற்கு இணையானது இல்லை.

பஞ்சரத்தினத்தின் 1956ஆம் ஆண்டுக் குறுக்கீட்டுக் கட்டுரையை ராமசேஷனும் நித்யானந்தாவும் 1986இல் பெர்ரி கட்டத்தின் முன்னோடியாக அடையாளம் காட்டினர். அப்புகழின் நிழலில் 1955ஆம் ஆண்டுக் கட்டுரைகள் மறைந்தன. பெர்ரியும் டென்னிசும் 2003இல் படிகங்களின் ஒளியியல் சிறப்புப்புள்ளிகளை ஆராய்ந்தபோது அத்தனித் திசைகள் மீண்டும் விரிவாகப் பேசப்பட்டன.